கூலிக் கணக்கில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஜான் ஸ்டெய்ன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலுக்கான பாத்திரக் குறிப்புகள் வந்திருந்தன. லென்னி என்றால் உடல் பலம், குழந்தை மனம். ஜார்ஜ் என்றால் நட்பு, பொறுப்பு. க்ரூக்ஸ் என்றால் தனிமை. கர்லியின் மனைவி என்றால் சபலம். கைடுகளிலும் இதேதான் இருக்கிறது. பெரிய பிழை என்று எதையும் சுட்ட முடியாது. ஆனால் இதை உருப்போட்டுக்கொண்டு போகிற பிள்ளை, வினாத்தாளில் நாவலிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து ‘இங்கே ஜார்ஜ் எப்படிக் காட்டப்படுகிறான்?’ என்று கேட்டால் கையைப் பிசைகிறது. குணத்தின் பெயர் தெரிகிறது, அது எந்த வரியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

இது ஊர் ஊராகப் போய்க் கூலி வேலை செய்பவர்களின் கதை. ஜார்ஜும் லென்னியும் சேர்ந்து சுற்றும் இரு கூலியாட்கள், க்ரூக்ஸ் அவர்கள் வந்து சேரும் பண்ணையின் லாயத்து ஆள், கர்லி பண்ணை முதலாளியின் மகன். அதனால் பாத்திரங்களையும் கூலியிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஓர் அட்டவணை போட்டு, ஆளுக்கு ஒரு வரிசை ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் ஐந்து கேள்வி கேட்டால் போதும்: கையிருப்பு எவ்வளவு, மாதம் என்ன வரும், எங்கே படுக்கிறார், தன்னுடையது என்று என்ன பொருள் வைத்திருக்கிறார், இந்த வேலை போனால் எங்கே போவார். ஐந்துக்கும் விடை நாவலுக்குள்ளேயே கிடக்கிறது, பல இடங்களில் எண்ணோடு கிடக்கிறது.

அதற்கு முன் ஒரு முறை நிறுத்தாமல் படித்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் சுமார் 30,000 சொற்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடியும். அகராதியைத் தொட வேண்டாம். பண்ணைக்காரர்களின் பேச்சைக் காதில் விழுகிறபடியே எழுத்தில் போட்டிருப்பதால், கண்ணால் பார்த்தால் மிரட்டும். வாய்விட்டுப் படித்தால் பாதி தானே விளங்கிவிடும்.

அடுத்து, அரைப் பக்கத்தில் நாளும் இடமும். நாவல் ஆறு பகுதிகள். வியாழன் மாலை, கலிஃபோர்னியாவின் சோலிடாட் ஊருக்குத் தெற்கே சலினாஸ் ஆற்றங்கரை. வெள்ளி காலை பத்து மணி வாக்கில் பண்ணை, தொழிலாளர் படுக்கும் கொட்டகை. வெள்ளி மாலையும் இரவும் அதே கொட்டகை. சனி இரவு லாயத்தை ஒட்டிய க்ரூக்ஸின் அறை. ஞாயிறு பிற்பகல் வைக்கோல் குவித்த களஞ்சியம். ஞாயிறு மாலை மறுபடி அதே ஆற்றங்கரை. நான்கு நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு பகுதிக்கு ஒரே இடம் என்பது தற்செயல் இல்லை. மேடையில் அப்படியே நடிக்கக்கூடிய நாவலாகத்தான் ஸ்டெய்ன்பெக் இதைக் கட்டினார். 1937-இல் புத்தகம் வந்தது, அதே ஆண்டு நவம்பரில் பிராட்வேயில் நாடகமாகவும் ஏறியது.

இதைத் தெரிந்துகொள்வதில் நேரடிப் பயன் உண்டு. நாடகத்தைப் போலவே இங்கும் கதை சொல்பவர் யாருடைய மனசுக்குள்ளும் அநேகமாக நுழைவதில்லை. கை, கால், கண், பேச்சு என்று வெளியே தெரிவதை மட்டும் காட்டுகிறார். ஆகவே ‘ஜார்ஜ் நினைக்கிறான்’ என்று விடைத்தாளில் எழுதிய உடனே ஆதாரம் இல்லாத இடத்துக்குப் போய்விட்டோம். ‘ஜார்ஜ் சீட்டைக் கலைத்துத் தனியாக ஆடுகிறான்’ என்று எழுதுங்கள், அதற்கு வரி இருக்கிறது. ஒரே பெரிய விதிவிலக்கு கடைசிப் பகுதி. அங்கே லென்னிக்கு, அவனை வளர்த்துச் செத்துப்போன கிளாரா அத்தையும் ஒரு ராட்சத முயலும் தெரிகிறார்கள், லென்னியின் குரலிலேயே அவனைத் திட்டுகிறார்கள். மனம் திறந்து காட்டப்படுவது அவனுக்கு மட்டும்தான், அதுவும் சாகப்போகிற நேரத்தில்.

இப்போது கணக்கு. ஜார்ஜிலிருந்தும் லென்னியிலிருந்தும் தொடங்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்கி, இருவரின் உருவ வேறுபாட்டை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கேண்டியிலிருந்து தொடங்குங்கள். கொட்டகையைப் பெருக்கும் கிழவர். நான்கு வருஷத்துக்கு முன் இதே பண்ணையில் அடிபட்டு வலது கை போனது. அதற்கு அவர்கள் கொடுத்தது 250 டாலர். சொந்தச் சேமிப்பு 50. ஆக வங்கியில் 300, மாதக் கடைசியில் இன்னும் 50 வரும். பண்ணையில் ஓர் ஆளின் மாதக் கூலியே 50 டாலர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரு கையின் விலை ஐந்து மாதக் கூலி. பெருக்கவும் முடியாமல் போனால் விரட்டிவிடுவார்கள், பிறகு அரசாங்கத் தர்மத்தில் கிடக்க வேண்டியதுதான் என்று அவரே சொல்கிறார். சொந்தம் என்று இருந்தது ஒரு கிழட்டு நாய், அதையும் வெள்ளி இரவு சுட்டுவிடுகிறார்கள். இவ்வளவையும் எழுதி முடித்தால் ‘முதுமை, கையாலாகாத்தனம்’ என்கிற குணச்சொற்கள் தேவையே இல்லை.

கேண்டியின் வரிசையை நிரப்பியவுடன் மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். ஜார்ஜ் விலை விசாரித்து வைத்திருக்கும் பத்து ஏக்கர் நிலம் 600 டாலர். அவனும் லென்னியும் சேர்ந்து வைத்திருப்பது வெறும் 10 டாலர். மாதக் கடைசியில் இருவருக்கும் 100 வரும். ஒரு காசு செலவழிக்காமல் இருந்தாலும் ஆறு மாதம் ஆகும். ஊருக்குள் இருக்கும் சூசியின் விலைமாதர் விடுதிக்கு ஒரு தரம் போனாலே இரண்டரை டாலர். தவிர, லென்னியை வைத்துக்கொண்டு ஓர் இடத்தில் ஆறு மாதம் தங்க முடியாது என்பதற்கு அவனால் வந்த வம்புக்குப் பயந்து முன்பு வேலை செய்த வீட் ஊரிலிருந்து ஓடிவந்ததே சாட்சி. அதுவரை அந்த நிலம் இரவில் சொல்லித் தூங்கும் கதை. மூன்றாம் பகுதியில் கேண்டி தன் 350-ஐப் போடுகிறேன் என்கிறார். 350-உம் 100-உம் 450. மீதிக்கு ஜார்ஜ் வேலைக்குப் போய்க் கட்டிவிடலாம். கதைக்கு முதல் தடவையாகத் தேதி கிடைக்கிறது: இன்னும் ஒரு மாதம். அந்த இடத்தில் மூன்று பேரும் பேச்சற்றுப் போவது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

இதே கணக்கை ஐந்தாம் பகுதியில் மறுபடி போடச் சொல்லுங்கள். லென்னியின் கையில் கழுத்து முறிந்து கர்லியின் மனைவி செத்துக் கிடக்கிறாள், லென்னி ஓடிவிட்டான். நீயும் நானும் அந்த இடத்தை வாங்கலாம்தானே என்று கேண்டி கெஞ்சுகிறார். லென்னியின் 50-ஐக் கழித்தாலும் 400 நிற்கிறது. 450-ஐ வைத்து முடியும் என்றவன் 400-ஐ வைத்து முயன்றிருக்கலாம். ஜார்ஜோ, மாதம் முழுக்க உழைத்து 50 டாலரை வாங்கிக்கொண்டு விடுதியில் இரவைக் கழிக்கப் போகிறேன் என்கிறான். பணம் போதவில்லை என்பதால் கனவு உடையவில்லை. லென்னி கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் ஜார்ஜ் சொல்லிக்கொண்டே இருந்தான்; கேட்கிற ஆள் போனதும் நிலமும் போய்விட்டது. ஜார்ஜைப் பற்றி இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது, இது கழித்தல் கணக்கிலிருந்து வருகிறது.

லென்னியின் வரிசை கிட்டத்தட்டக் காலி. வேலைச் சீட்டைக்கூட ஜார்ஜ்தான் வைத்திருக்கிறான். அவனுடைய பொருள் என்று செத்த எலி ஒன்று, பிறகு ஒரு நாய்க்குட்டி. ஆனால் களத்தில் பார்லி மூட்டை தூக்குவதில் அவனுக்கு ஈடு கொடுக்க முடியாமல் கூட வேலை செய்தவன் துவண்டு போனான் என்று பண்ணையில் எல்லாரும் மதிக்கும் ஸ்லிம் சொல்கிறார். சம்பாதிக்கும் உடம்பு லென்னியுடையது, பேசும் வாய் ஜார்ஜுடையது. அதனால்தான் முதலாளி இரண்டாம் பகுதியில் ஜார்ஜைக் குடைகிறார்: இவன் கூலியை நீ எடுத்துக்கொள்கிறாயா? மாணவர்கள் இந்தக் கேள்விக்காக முதலாளியைக் கெட்டவராக்கிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். பத்து ஆளின் கூலியை ஒரு மேஸ்திரி கையில் வாங்குவதைப் பழைய மாமல்லபுரம் சாலைக் கட்டட வேலைகளில் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அது நியாயமான கேள்வி. ஜார்ஜ் யோக்கியன் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று தேடுங்கள். மூன்றாம் பகுதியில் ஸ்லிமிடம் அவனே சொல்கிறான்: ஒரு காலத்தில் லென்னியை வைத்து வேடிக்கை காட்டியதும், சாக்ரமெண்டோ ஆற்றில் குதி என்றதும் நீச்சல் தெரியாதவன் குதித்துவிட்டதும், மூழ்கப்போனவன் கரையேறியபின் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னதும், அன்றோடு அந்த விளையாட்டை விட்டதும். ‘நட்பு’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டால் இந்தக் குரூரமும் வெட்கமும் விடைத்தாளுக்கு வராது.

நம் பிள்ளைகள் உடனே நம்மூரோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிடட்டும், ஆனால் ‘இதுவும் அதுவும் ஒன்று’ என்று எழுதி நிறுத்தினால் மதிப்பெண் வராது. வேறுபாட்டைக் கேளுங்கள். இலங்கைத் தோட்டங்களில் கங்காணியின் கடன் கூலியாளைக் கட்டிப்போட்டது. கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் அன்று தோட்டம் மாற முடியாமல் இருந்தது. ஜார்ஜுக்கு யாரிடமும் கடன் இல்லை, பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே கிளம்பலாம், அவனைக் கட்டிப்போட உலகத்தில் எதுவுமே இல்லை. இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் படுக்கும் ஒடிசா, பிகார் இளைஞர் சம்பளம் வந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறார். இந்த நாவலை எங்கே புரட்டினாலும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற ஆளைக் காட்ட முடியாது. அனுப்ப வீடு இல்லை. அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம்.

இன்னொரு குழப்பமும் பரவலாக இருக்கிறது. புழுதிப் புயலில் நிலம் போய் ஓக்லஹோமாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்களைப் பற்றி முன்னுரையில் ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். அது இதே ஆசிரியர் 1939-இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. இந்த நாவலில் இருப்பவர்கள் தனி ஆண்கள். வேலைவாய்ப்பு முகமையில் சீட்டு வாங்கி, அறுவடைக்கு ஒரு பண்ணை என்று சுற்றுபவர்கள். ஸ்டெய்ன்பெக் இளம்வயதில் சலினாஸ் வட்டாரப் பண்ணைகளில் இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறார். பின்னணி எழுதுவதானால் அதை எழுதலாம், இரண்டு வரி போதும்.

க்ரூக்ஸின் வரிசைதான் அட்டவணையில் அதிகம் நிரம்பும். முதுகு கோணியவர், லாயத்தில் நிரந்தர வேலை. அதனாலேயே முதுகில் சுமந்து போக முடியாத அளவு பொருள் சேர்த்திருக்கிறார் என்று நாவலே சொல்கிறது: ரப்பர் பூட்ஸ், அலாரம் கடிகாரம், ஒற்றைக் குழல் துப்பாக்கி, புத்தகங்கள், கிழிந்த அகராதி, 1905-ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பு. மற்றவர்களுக்கு இருப்பது கட்டிலுக்கு மேலே ஆணியடித்த ஆப்பிள் பெட்டி ஒன்று. பொருளில் எல்லாரையும் விட நிலையானவர், ஆனால் கறுப்பர் என்பதால் கொட்டகைக்குள் சீட்டாட விடமாட்டார்கள். நாற்றமடிக்கிறது என்கிறார்களாம். இரட்டைக் குவளை என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது. கவனிக்க வேண்டியது அடுத்த அடி. உள்ளே வராதே என்று அவரை நிறுத்தியவர்கள் மீது அவரும் அதே விதியைப் போடுகிறார், என் அறைக்குள் யாரும் வரக்கூடாது என்று. சனி இரவு அது தளர்கிறது. கூலியே வேண்டாம், சாப்பாடு போட்டால் உங்கள் நிலத்தில் வேலை செய்கிறேன் என்கிறார். கர்லியின் மனைவி மிரட்டியதும் சில நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, அந்த மிரட்டலுக்கு முன்னால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பகுதியை வகுப்பில் உரக்கப் படிக்கும்போது இனவசைச் சொல் அடிக்கடி வரும். அதை உச்சரிப்பதா தாண்டிப் போவதா என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். விடைத்தாளில் அந்தச் சொல் இல்லாத மேற்கோளே தாராளமாகக் கிடைக்கும்.

கர்லியின் மனைவியைப் பற்றித்தான் தங்கள் குறிப்போடு எனக்குச் சண்டை. ‘சபலம்’ என்பது நாவல் சொல்வதில்லை, கேண்டி சொல்வது. அவள் நுழைவதற்கு முன்பே அவளைப் பற்றிய தீர்ப்பைக் கேண்டி ஜார்ஜிடம் சொல்லிவிடுகிறார், நாமும் அந்தக் கண்ணோடு பார்க்கிறோம். இவளுக்கு மட்டும் தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் மற்றவர்கள் சொல்வது, வலப்பக்கம் அவள் செய்வதும் சொல்வதும். இடப்பக்கம் வசை நிரம்பும். வலப்பக்கம்: கல்யாணமாகி இரண்டு வாரம். சுற்றிலும் ஆண்கள், பேச்சுத் துணை இல்லை. ஹாலிவுட்டிலிருந்து கடிதம் வரும் என்று ஒருவன் சொன்னதை நம்பினாள். வராததால் அம்மா ஒளித்துவிட்டாள் என்று எண்ணி, கர்லியைக் கட்டிக்கொண்டாள். கூலி அட்டவணையில் இவள் வரிசையில் பூஜ்யம், பெயர்க் கட்டம்கூட வெறுமை. அதே வலப்பக்கத்தில் க்ரூக்ஸை மரத்தில் தொங்கவிட வைப்பேன் என்று மிரட்டியதும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாவம் என்று உருகுகிற விடையும் பாதி விடைதான். மேடையில் அந்த வேடம் ஏற்ற க்ளேர் லூஸுக்கு ஸ்டெய்ன்பெக் எழுதிய கடிதம் அச்சில் கிடைக்கிறது. அதில் அவளை அன்புக்கு ஏங்கும் பெண்ணாகவே விளக்குகிறார். அந்தக் கடிதத்தைத் தாள் நிரம்பிய பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் பிள்ளைகள் நாவலை விட்டுவிட்டுக் கடிதத்தை எழுதிவைப்பார்கள்.

கர்லி, பண்ணை ஆட்களான கார்ல்சன், விட் ஆகியோருக்கு ஆளுக்கு நான்கு வரி போதும். ஸ்லிமை மட்டும் தெய்வமாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்லவர்தான், ஆனால் அவர் வார்த்தைதான் பண்ணையில் சட்டம், அந்தச் சட்டம் இரண்டு சாவுக்கு அனுமதி கொடுக்கிறது. ஒன்பது குட்டியில் நான்கைத் தாய்க்குப் பால் போதாது என்று மூழ்கடித்தவர். கேண்டி தன் நாய்க்காக அவர் முகத்தைப் பார்க்கிறார், அவர் கார்ல்சன் பக்கம் பேசுகிறார். கடைசியில் லென்னியைச் சுட்டுவிட்டு நிற்கும் ஜார்ஜிடம், நீ செய்ய வேண்டியதைத்தான் செய்தாய் என்பவரும் அவரே.

இங்கேதான் வகுப்பு நேரம் வீணாகிறது. கருணைக் கொலையா, வெறும் கொலையா என்று பட்டிமன்றம் நடத்தி மணி அடித்துவிடும். அதற்குப் பதில் மூன்றாம் பகுதியையும் ஆறாம் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். நாயைச் சுட்டது கார்ல்சனின் லூகர் கைத்துப்பாக்கி, லென்னியைச் சுட்டதும் அதே லூகர். தலையின் பின்புறம் வைத்துச் சுட்டால் துடிக்கக்கூடச் செய்யாது என்று கார்ல்சன் காட்டிய இடம்தான் ஜார்ஜின் கை தேடும் இடம். லென்னியும் துடிக்காமல் கிடக்கிறான். என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி சொன்னது இரண்டுக்கும் நடுவே, ஜார்ஜின் காதில் விழுகிறது. மாறுவது ஒன்று: கேண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், ஜார்ஜ் லென்னியை ஆற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு நிலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே சுடுகிறான். தீர்ப்பை இதற்குப் பிறகு எழுதட்டும்.

விடை எழுதும் முறை பற்றிச் சுருக்கமாக. 45 நிமிடக் கேள்வி என்றால் முதல் ஐந்து நிமிடம் அட்டவணையிலிருந்து மூன்று செய்தியை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சொல்லுக்கு மிகாத மேற்கோள், எந்தப் பகுதியில் யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பு, பிறகு அதனால் என்ன தெரிகிறது என்பது. ஒரே பாத்திரத்தை நாவலின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்திலிருந்து எடுத்தால் கதைச் சுருக்கம் எழுதும் நோய் தானே நிற்கும். கதைச் சுருக்கம் எழுதுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கையில் செய்தி இல்லாதபோது பக்கத்தை நிரப்ப வேறு வழி கிடையாது.

அடுத்த முறை மாணவர் பக்கத்தில் இந்த நாவலை எடுத்தால், குணச்சொற்கள் போட்ட இடத்தில் ஐந்து கட்டமுள்ள அட்டவணை ஒன்றை அச்சிட்டு, கேண்டியின் வரிசையை மட்டும் நிரப்பிக் கொடுங்கள். மற்ற வரிசைகள் காலியாகவே இருக்கட்டும், பகுதி எண்ணை மட்டும் ஓரத்தில் குறித்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை